ஜெபித்தும் பதில் வராதபோது கர்த்தரைத் தொடர்ந்து நம்புவது எப்படி? விசுவாசத்தில் எப்படி வளர்வது?

"சபையில் கேட்டால் இன்னும் ஊக்கமாக ஜெபி என்கிறார்கள், ஜெபித்து ஜெபித்து ஓய்ந்துவிட்டேன்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். கடனோ, பிள்ளைக்காகவோ, வீட்டில் யாருக்காவது நோயோ, ஏதோ ஒன்றுக்காக நெடுநாள் முழங்காலில் நின்றவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருப்பவன்.

2022 டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கர்த்தர் வாக்குக் கொடுக்கும் வேத வசனம் அச்சிட்ட அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கொன்று எடுப்போம், வருடம் முழுக்க அதுதான் நமக்கான வசனம். இது குறி கேட்பது மாதிரி என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். என் அப்பா எடுத்தார், நானும் எடுக்கிறேன். எனக்கு வந்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே குடை நிற்காத மழை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதை நீங்களெல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் கரண்டும் இல்லை, போனும் இல்லை, பாலத்துப் பக்கம் சாலையும் இல்லை. மொட்டை மாடியில் நின்று கடைத்தெரு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் ஜெபித்தேன்.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கினால் பாதிக்கு மேல் ஏறவில்லை, சேறு அடைத்திருந்தது. குனிந்து உள்ளே போனோம். எங்களுக்குத் தீபாவளிக்கு அடுத்தபடி கிறிஸ்துமஸ்தான் வியாபாரம். கடன் வாங்கிப் போட்ட சரக்கு மட்டும் மூன்று லட்ச ரூபாய். சிறுமிகளுக்கான வலைத்துணி வைத்த கவுன் ஒன்றைத் தூக்கினேன். அடுக்கடுக்காக வண்டல் உள்ளே தங்கி, ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. சிவப்புச் சேலைகளின் சாயம் இறங்கி வெள்ளை வேட்டிக் கட்டெல்லாம் திட்டுத் திட்டாக ரோஸ் நிறம். சுவரில் சேற்றுக்கோடு அந்த அட்டைக்கு ஒரு சாண் மேலே ஓடியது. பெருவிரலால் அட்டையைத் துடைத்தேன். எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. "புரளுவதில்லை." பிய்த்தெடுத்து, கிழிக்கப் பார்த்து, முடியாமல் கல்லா மேசையின் இழுப்பறைக்குள் வீசினேன்.

அதன்பின் ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். சரக்குதானே போனது, உயிர் தப்பியதே வாக்குத்தத்தம் நிறைவேறினதுதான் என்றார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வெள்ளத்தில் நம் மாவட்டத்திலேயே உயிர்கள் போயின. நான் பிழைத்தது வாக்குத்தத்தம் என்றால் அந்த வீடுகளில் போய் என்ன சொல்வது? இன்னொருவர் என் விசுவாசம் குறைவு என்றார். அவருடைய வீடு மேட்டில் இருக்கிறது. அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு வர மாட்டேன் என்றேன். கடைசி நேரத்தில் பிள்ளைகளுக்காகப் போனேன். ஆலயத்தில் ஒருவர்கூடப் புதுத்துணி உடுத்தியிருக்கவில்லை. ஜவுளிக்காரன் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. முடிந்து வெளியே வரும்போது வாழைத்தோட்டம் மொத்தமும் இழந்த ஒரு பாட்டையா என் கையைப் பிடித்தார். "தம்பி, ஜெபம் பண்ணுவோமா?" என்றார். எனக்கு வராது என்றேன். "அப்போ நான் சொல்றேன், நீ நில்லு போதும்" என்றார். அவர் ஜெபித்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எங்களுக்கு உம்மேல வருத்தம் இருக்கு. வேற யார்கிட்ட போகவும் தெரியல. ஆமென்." சீடனான பேதுரு இயேசுவிடம் "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்" என்று கேட்டது எனக்கு அங்கேதான் புரிந்தது. அதுவரை அதைப் பெரிய வீர வசனம் என்று நினைத்திருந்தேன். போக்கிடம் இல்லாதவன் பேசும் பேச்சு அது.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு சங்கீதம் (வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாட்டு), வாய்விட்டு. சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வரவில்லை, அதனால் தாவீது ராஜா முதலானவர்களின் வார்த்தையைக் கடன் வாங்கினேன். 150 சங்கீதம், ஐந்து மாதம். வாசிக்க வாசிக்க ஆச்சரியமாக இருந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையீடு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. நாம் சபையில் எழுந்து இப்படிப் பேசினால் உட்காரச் சொல்வார்கள். வேதத்திலோ இது ஜெபம்!

"விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17. சின்ன வயதில் கேள்வி கேட்பதால் விசுவாசம் வரும் என்றுதான் புரிந்துகொண்டிருந்தேன். திருக்குறளில் 'கேள்வி' அதிகாரம் படித்தபோதுதான் காதால் கேட்பதைச் சொல்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் வாய்விட்டு வாசியுங்கள் என்கிறேன். நம் குரலே நம் காதில் விழவேண்டும். இப்போது எனக்கு இரண்டு அர்த்தமும் சரி என்றே படுகிறது. அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நான் விலகிப் போகவில்லை.

என்ன மாறியது என்றால், முன்பு கர்த்தர் கடையைக் காப்பார் என்று நம்பினேன். இப்போது கர்த்தரை நம்புகிறேன். தானியேல் புத்தகத்தில் மூன்று வாலிபர்கள் அக்கினிச் சூளைக்கு முன்னால் ராஜாவிடம், எங்கள் தேவன் தப்புவிப்பார், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றார்களே, அந்த இரண்டாவது பாதிக்கு நான் வந்து சேர இவ்வளவு காலம் ஆனது. முழுதாக வந்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். சில நாள் பழைய கோபம் திரும்பும். அப்படியே அவரிடம் சொல்லிவிடுவேன். இதை அவிசுவாசம் என்று எழுதப்போகிறவர்கள் முதலில், எல்லாவற்றையும் இழந்து தேவனிடம் முறையிட்ட யோபுவின் புத்தகத்தைக் கடைசிவரை வாசிக்கட்டும். யோபு நிதானமாய்ப் பேசினான் என்று தேவன் சொல்கிறார். விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார். நம்பாதவர்கள் "அப்புறம் எதற்கு நம்புகிறாய்" என்று கேட்கலாம். வாதாட எனக்குத் தெரியாது. சேற்றுக்குள் நான் தனியாக இருக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்றவர்களில் எத்தனையோ பேர் அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கத் திருநெல்வேலிக்கு வேன் பிடித்துப் போனார்கள். பெரிய கடையில் ரகம் அதிகம், விலையும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிச் சீருடைக்குக் கடன் சொல்லவும், ராத்திரியில் துக்க வீட்டுக்குக் கோடித் துணி கேட்டுக் கதவைத் தட்டவும் உள்ளூர்க் கடைதானே வேண்டியிருக்கிறது? எங்களை மாதிரிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடினால் அந்த ராத்திரியில் எங்கே போவார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊக்கமாக ஜெபிக்க முடியாவிட்டால் விடுங்கள். நாளைக் காலை ஒரே ஒரு சங்கீதம், சத்தமாக. யாராவது ஒரு பெரியவர் அருகில் நின்று ஜெபித்தால், ஆமென்கூடச் சொல்ல வராவிட்டாலும் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன்.

கடையை 2024 மார்ச்சில் பாதிச் சரக்கோடு திறந்தேன். கடன் இன்னும் முடியவில்லை. அந்த அட்டையை மறுபடி சுவரில் ஒட்டவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. என் வேதாகமத்தில் ஏசாயா 43 இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஓரத்தில் இன்னும் சேறு இருக்கிறது. சங்கீதம் ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்று காலை மறுபடியும் 13 வந்தது. வாசித்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்கினேன்.