ஆர்ச் மேனிங் மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: நான் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவன். எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங்கை 2025 சீசனில் ரசிகர்கள் திட்டியதைப் பெரிய குற்றம் போலப் பேசுகிறார்கள். மில்லியன் கணக்கில் சம்பாதிக்கிறவர் நாலு பேச்சு வாங்கத்தானே வேண்டும்? டிக்கெட் வாங்கியவனுக்குக் கத்த உரிமை இல்லையா?
- ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: உரிமை இருக்கிறது. கோபத்தை யார் மேல் காட்டினீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

சீசன் தொடங்குமுன் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசை டெக்சஸை முதலிடத்தில் வைத்தது. உங்கள் அணியின் வரலாற்றிலேயே சீசனுக்கு முன் அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் முறை. அப்போது ஆர்ச்சின் கணக்கில் என்ன இருந்தது? இரண்டு வருடம் முந்தைய குவாட்டர்பேக் குவின் யூவர்ஸுக்குப் பின்னால் காத்திருந்தார். தொடக்க வீரராக இறங்கியது 2024-இல் இரண்டே ஆட்டம். மிச்சமெல்லாம் குடும்பப் பெயர். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டனும் ஈலையும், மூவருமே பெயர்பெற்ற குவாட்டர்பேக்குகள். அந்தப் பெயரை வைத்து அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது பத்திரிகைகளும் டிவியும் ரசிகர்களும். அவர் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

முதல் ஆட்டமே ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில். 14-7 என்று தோல்வி. செப்டம்பர் 13 அன்று உள்ளூரில், எல் பாசோ அணிக்கு எதிராக, 25 முறை வீசியதில் 11 மட்டுமே சக வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் தொடர்ந்து பத்து வீச்சு வீணானது. அப்போது சொந்த மைதானமே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. அன்று டெக்சஸ் 27-10 என்று ஜெயித்தது, அவரே பந்தோடு எல்லைக்கோடு வரை ஓடி இரண்டு டச் டவுன் (ஆறு புள்ளி தரும் ஸ்கோர்) போட்டார் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. பந்தை வீசும்போது அவர் முகம் எப்படிக் கோணுகிறது என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். இதற்குப் பெயர் விமர்சனமா?

மோசமாக ஆடினார், அதில் சந்தேகமே இல்லை. நெருக்கடி வராதபோதும் காலைச் சரியாக ஊன்றாமல் பக்கவாட்டில் வீசினார். சுலபமான குறுக்குப் பந்துகள்கூடத் தலைக்கு மேல் போயின. இதையெல்லாம் சொல்லுங்கள், உரக்கவே சொல்லுங்கள். ஆனால் எதிரணியைத் தடுக்க அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரையும் பாருங்கள். பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று வினாடி. அதற்குள் எதிரணியின் பின்வரிசை எந்தப் பக்கம் நகர்கிறது என்று படித்து, முதல் ஆளை விட்டு இரண்டாவது ஆளைத் தேடி, கால் ஊன்றி வீச வேண்டும். அந்த மூன்று வினாடியை வாங்கிக் கொடுப்பவர்கள் அந்த ஐவர். 2024-இல் ஆடிய ஐவரில் நான்கு பேர் போய்விட்டார்கள். இடது ஓரத்தில் நின்ற கெல்வின் பேங்க்ஸை, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, நியூ ஆர்லியன்ஸ் அணி ஒன்பதாவது ஆளாகவே எடுத்துக்கொண்டது. அக்டோபரில் ஃப்ளோரிடாவிடம் 29-21 என்று தோற்றபோது ஆர்ச் ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அடி மேல் அடி வாங்கும் பையன், நெருக்கடி இல்லாத நேரத்திலும் அவசரப்படத்தான் செய்வான். அந்த ஐவர் வரிசையைக் கட்டியதும் ஒவ்வொரு ஆட்ட உத்தியையும் மைதானத்துக்குள் அனுப்பியதும் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்க்கிசியன். உங்கள் கோபத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு போனது?

சரி, பணம். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருடத்தில் கல்லூரிக்கு 20.5 மில்லியன் டாலர் வரை. ஆகவே ‘பாவம், படிக்கிற பையன்’ என்ற வாதத்தை நான் வைக்கவில்லை. காசு வாங்குகிறவரின் ஆட்டத்தைக் கறாராக எடைபோடுவது நியாயம். உங்கள் சம்பளம் கூடியது என்பதற்காக உங்கள் மேலாளர் உங்கள் முகத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசினால் ஒப்புக்கொள்வீர்களா? இவருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இன்னொன்று, பொறுமை. பேட்டன் மேனிங் 1998-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் வருடம் 28 முறை பந்தை எதிரணி கையில் கொடுத்தார். அவருடைய அணி 16 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தது. அவருக்கு நேரம் கொடுத்தார்கள். ஆர்ச்சுக்கு நீங்கள் கொடுத்தது மூன்றாவது ஆட்டம் வரை. அதே ஆர்ச்தான் அக்டோபர் கடைசியில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக நான்காவது கால்பகுதியில் 17 புள்ளி பின்தங்கியிருந்த அணியை மீட்டார். 346 யார்டு வீசி, கூடுதல் நேரத்தில் தலையில் அடிபட்டு வெளியேறினார். நவம்பர் 28 அன்று, அதுவரை தோற்காத டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 27-17 என்று ஆஸ்டினிலேயே வீழ்த்தியபோது 35 யார்டு ஓடி டச் டவுன் போட்டதும் அவர்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மைதானக் கூச்சலைவிட எனக்குப் பயம் தருவது பந்தயம். ‘இந்தப் பையன் இத்தனை யார்டு வீசுவான்’ என்று தனி வீரர் மேலேயே பணம் கட்டுகிறார்கள். தோற்றதும் வசவும் மிரட்டலும் நேராக வீரரின் போனுக்குப் போகின்றன. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.-வின் தலைவர் சார்லி பேக்கர் 2024-இலேயே இந்த வகைப் பந்தயத்தைத் தடை செய்யச் சொன்னார். ஒஹாயோ மாநிலம் கல்லூரி வீரர்கள் விஷயத்தில் அதைச் செய்தும் விட்டது. ஆட்டம் பார்க்க உங்களோடு வருகிறவர்களில் இப்படிச் செய்தி அனுப்புகிற நண்பர் ஒருவர் இருந்தாலும், இந்த வாரமே அவரிடம் பேசுங்கள்.