பிசான நெல்லில் புகையான்: மருந்தடித்தும் ஏன் அடங்கவில்லை?

சேரன்மகாதேவிப் பக்கம் பிசானப் பருவ நெல் வயல் வட்ட வட்டமாகத் தீய்கிறது, இரண்டு முறை மருந்தடித்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையான்தான். பூச்சி இருப்பது தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே; நீங்கள் அடித்தது இலைமேல். தூரை விரித்துப் பாருங்கள், பழுப்புப் பூச்சிகள் நண்டுபோல் பக்கவாட்டில் நகரும். சிம்புக்கு (தூரில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும்) ஒன்று இருந்தாலே கவனிக்க வேண்டும். புகையானைத் தின்னும் சிலந்தி தூருக்கு ஒன்று இருந்தால், சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சைபர்மெத்ரின் வகை மருந்து அந்தச் சிலந்தியைத்தான் முதலில் கொல்லும், புகையான் பெருகும். கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

தண்ணீரை வடித்து 3, 4 நாள் காயவிடுங்கள். யூரியா வேண்டாம். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கலந்து, தெளிப்பான் முனையைத் தாழ்த்தித் தூரில் படும்படி மாலையில் அடியுங்கள். அடுத்த நடவில் 8 அடிக்கு ஓர் அடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள். வெயிலும் காற்றும் தூருக்கு இறங்கும்.