பெயரிடுதல் வரவில்லை என்பதற்காகக் கெமிஸ்ட்ரியை விட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெங்களூரு பீன்யாவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தையும், கூடவே அனுப்பிய மகளின் விடைத்தாளையும் பார்த்தேன். முதல் பியூசியில் (பதினொன்றாம் வகுப்பில்) பிசிஎம்பி, அதாவது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி எடுத்தவள், கார்பன் சேர்மங்களைப் பற்றிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தொடங்கியதிலிருந்து, அவற்றுக்குப் பெயரிட வராமல், மதிப்பெண்ணில் சரிந்துகொண்டே போகிறாள். பிசிஎம்சிக்கு மாற்றலாமா, இல்லை காமர்ஸுக்கே போய்விடட்டுமா என்று கேட்கிறீர்கள்.

பிசிஎம்சிக்கு மாறினால் பயாலஜி போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரும். கெமிஸ்ட்ரி அங்கேயும் அப்படியே இருக்கும். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான சிஇடியிலும் கெமிஸ்ட்ரி தாள் உண்டு. ஆக, நீங்கள் சொல்லும் காரணத்துக்கு அந்த மாற்றம் உதவாது. காமர்ஸ் வேறு கதை. அக்கவுண்டன்ஸியில் அவளுக்கே விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகட்டும். பயத்தில் போவதென்றால் இப்போது வேண்டாம் என்பேன்.

ஏன் என்றால், விடைத்தாளில் நான் பார்த்த தவறுகள் புரியாமல் செய்தவை அல்ல. ஒரு கேள்வியில் நான்கு கார்பன்கள் நேர் வரிசையில் இருக்கின்றன, இரண்டாவது கார்பனிலிருந்து கீழே ஓர் எத்தில் கிளை, அதாவது இரண்டு கார்பன் கிளை, தொங்குகிறது. அவள் எழுதியது 2-எத்தில்பியூட்டேன் (பியூட்டேன் என்றால் நான்கு கார்பன் சங்கிலி). பென்சிலை அந்தக் கிளையின் நுனியில் வைத்து மேலே ஏறி, வலது பக்கம் திரும்பிப் போயிருந்தால் ஐந்து கார்பன் சங்கிலி கிடைத்திருக்கும். ஐந்து கார்பன் என்றால் பென்ட்டேன், மிஞ்சும் ஒரு கார்பன் மெத்தில் கிளை. சரியான பெயர் 3-மெத்தில்பென்ட்டேன். 'மிக நீளமான சங்கிலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்ற விதியை அதே தாளில் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். விதி தெரியும், ஆனால் கண் இன்னும் கிடைக்கோட்டிலேயே நிற்கிறது.

இன்னொரு தவறு, கோட்டுப்படங்களில். வளைந்து வளைந்து போகும் கோட்டில் ஒவ்வொரு மூலையும் ஒரு கார்பன். கோட்டின் இரண்டு முனைகளும் கார்பன்தான். அவள் மூலைகளை மட்டும் எண்ணியிருக்கிறாள். அதனால் ஆறு கார்பன் ஹெக்சேன் நான்கு கார்பன் பியூட்டேனாகிவிட்டது. இது ஒன்று திருந்தினாலே பாதி மதிப்பெண் திரும்பி வரும்.

பெயர்களை மனப்பாடம் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஐயுபிஏசி என்ற சர்வதேச வேதியியல் அமைப்பின் விதிப்படி வைக்கும் பெயர் பெங்களூரு முகவரி மாதிரி. மெயின் ரோடும் கிராஸ் ரோடும் சரியாக இருந்தால், பார்த்தே இராத வீட்டுக்கும் போய்ச் சேரலாம். முகவரிகளை யாரும் உருப்போடுவதில்லை, படித்து வழி கண்டுபிடிக்கிறோம். 1892-ல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி முறையான பெயரிடும் விதிகளை வகுத்தார்கள், 1919-ல் தொடங்கிய ஐயுபிஏசி அந்த வேலையைத் தொடர்ந்தது. பெயரைப் பார்த்தால் படம் வர வேண்டும், படத்தைப் பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் வர வேண்டும் என்பதுதான் அவர்கள் பட்ட பாடு.

அவளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். ஆறு கார்பனும் பதினான்கு ஹைட்ரஜனும் கொண்ட எல்லா அமைப்புகளையும் வரையட்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஏழோ எட்டோ வரைவார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஹெக்சேன், 2-மெத்தில்பென்ட்டேன், 3-மெத்தில்பென்ட்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன் என்ற ஐந்துக்குமேல் புதுப் பெயர் வராது. மிச்சமெல்லாம் திருப்பிப் போட்ட அதே மூலக்கூறு. பெயர் எதற்கு இருக்கிறது என்று அவளுக்குத் தானாகவே விளங்கும் இடம் இது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் ஃபங்ஷனல் குரூப், அதாவது மூலக்கூறின் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டம். 4-ஹைட்ராக்சிபென்ட்டன்-2-ஓன் என்பதில் ஆல்கஹால், கீட்டோன் இரண்டும் இருக்கின்றன. கீட்டோனுக்கு முன்னுரிமை, அதனால் அது பெயரின் கடைசியில் 'ஓன்' என்று நிற்கிறது, ஆல்கஹால் முன்னால் 'ஹைட்ராக்சி' ஆகிவிடுகிறது. இந்த முன்னுரிமை வரிசை ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாதே, நான் எப்படி உதவுவது என்று கேட்டிருந்தீர்கள். தெரிய வேண்டியதில்லை. இரவு சாப்பிட்ட பிறகு பாடப்புத்தகத்திலிருந்து ஐந்து பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள், அவள் வரையட்டும். மறுநாள் அந்தப் படங்களுக்கு, புத்தகத்தைப் பார்க்காமல், அவள் பெயர் எழுதட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அப்பாவால் முடியும். இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள்.

சரிபார்க்க பப்கெம் என்ற இலவச இணையதளம் இருக்கிறது. படம் வரையும் வசதியும் அதில் உண்டு. ஆனால் கையால் வரைந்து முடித்த பிறகுதான் திறக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பாடப்புத்தகம் எத்தனாயிக் அமிலம் என்று சொல்வதை அது அசிட்டிக் அமிலம் என்றே காட்டும். இரண்டும் சரிதான், தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும்.

இதையெல்லாம் படித்து என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. நம் ஊரிலேயே பொம்மசந்திராவில் சின்ஜீன், ஆந்தம் போன்ற நிறுவனங்கள் மருந்து ஆராய்ச்சிக்காகப் புது மூலக்கூறுகளைச் செய்துகொடுக்கின்றன. அந்த லேப்களில் நாள் முழுக்கப் பேச்சே படத்தில்தான் நடக்கும். ஆனால் அந்த வேலைக்கு பொதுவாக ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எம்எஸ்சி வேண்டும். பிஎஸ்சியோடு நிறுத்தினால் பெரும்பாலும் தரப் பரிசோதனைப் பக்கம்தான் இடம். தொடக்கச் சம்பளத்தை ஐடியோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும், இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

காப்புரிமை வேலை பலர் யோசிக்காத வழி. மருந்துக் காப்புரிமைகளில் ஒரு மையப் படத்தை வரைந்து, 'ஆர் என்ற இடத்தில் மெத்தில், எத்தில், ஐசோபுரொப்பைல் எதுவும் வரலாம்' என்று எழுதியிருப்பார்கள். மார்க்குஷ் அமைப்பு என்று பெயர். இன்னொருவர் செய்த மருந்து அந்த எல்லைக்குள் வருகிறதா இல்லையா என்று சொல்வதற்கு, உங்கள் மகள் இப்போது தடுமாறும் இதே திறமைதான் வேண்டும். அறிவியல் பட்டமும் 21 வயதும் முடிந்தால் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வும் எழுதலாம்.

கம்ப்யூட்டர்தான் அவளுக்குப் பிடிக்கும் என்றால், அங்கேயும் இது வரும். மூலக்கூறை எழுத்து வரிசையாக எழுதும் ஸ்மைல்ஸ் என்ற முறையை 1980-களில் டேவிட் வைனிங்கர் உருவாக்கினார். அதில் எத்தனால் 'சிசிஓ', டைமெத்தில் ஈதர் 'சிஓசி'. அணுக்கள் அதே எண்ணிக்கை, வரிசை மட்டும் வேறு, பொருளே மாறிவிடுகிறது. மருந்துகளைக் கம்ப்யூட்டரில் தேடும் வேலைகளில் இதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

டியூஷன் மாற்றுவது பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மாற்றுவதானால் புது ஆசிரியரிடம் ஒன்றைத்தான் விசாரியுங்கள்: பிள்ளைகள் வரைந்த படங்களை அவர் தன் கையால் திருத்திக் கொடுப்பாரா? சரியான விடைத் தேர்வுக் கேள்விகள் மட்டும்தான் நடத்துவார் என்றால், அவளுக்கு இப்போது அந்த வகுப்பு வேண்டாம்.