முள்வேலியில் கூவாத குயில்

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஐப்பசி மழைக்கு அப்புறம் தோட்டத்து முள்வேலிக்கு ஒரு சாம்பல் நிறப் பறவை வருகிறது. மைனாவைவிடக் கொஞ்சம் சிறிது, ஒல்லி. அதே வேலியில் செம்பழுப்பாக, உடம்பெல்லாம் வரிவரியாக இன்னொன்று. குயில் என்கிறார்கள், ஆனால் கூவியதே இல்லை. இவை என்ன பறவைகள்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டும் சாம்பல் வயிற்றுக் குயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீளம் சுமார் 23 செ.மீ. இமயமலை அடிவாரப் பக்கம் இனப்பெருக்கம் செய்யும் குயில்கள், குளிர்காலத்தில் தெற்கே தமிழ்நாடு, இலங்கை வரை இறங்கி வரும். கூவுவதெல்லாம் பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில்தான். வலசை வந்த இடத்தில் அதிகம் வாய் திறக்காது. அதனால் காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

சாம்பல் பறவையில் அடிவயிறும் வாலின் அடிப்புறத் தொடக்கமும் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். பறக்கும்போது இறக்கையின் அடிப்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். செம்பழுப்புப் பறவை பெட்டை. இந்த இனத்தில் பெட்டைகள் சில ஆணைப்போலவே சாம்பலாகவும், சில இப்படிச் செம்பழுப்பாகவும் இருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் செம்பழுப்பில் வரி போட்ட வேறொரு சின்னக் குயிலும் நம் பக்கம் உண்டு. அதற்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவமும், கண் வழியாக ஓடும் கருங்கோடும் தெளிவாக இருக்கும். உங்கள் பறவையின் முகத்தில் அப்படி எடுப்பான புருவம் இல்லாமல், வாலும் அவ்வளவாக வரியில்லாமல் செம்பழுப்பாக இருந்தால், சாம்பல் வயிற்றுக் குயிலின் பெட்டை என்றே எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு இந்தக் குயிலிடம் மிகவும் பிடித்தது அது இரை தேடும் விதம். முள்செடியின் நுனியிலோ கம்பியிலோ வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சட்டென்று தரைக்கு இறங்கி ஒரு கம்பளிப்பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்பும். உடனே விழுங்காது. அலகில் இப்படியும் அப்படியும் நகர்த்தி, உதறி, நசுக்கி, பிறகுதான் உள்ளே தள்ளும். மற்ற பறவைகள் பல ஒதுக்கிவிடும் அந்தச் சுணைமயிர்ப் புழு குயில்களுக்கு விருந்து. மழைக்குப் பின் புழு பெருகும் வேலிக்கு இது தினமும் வருவதில் ஆச்சரியமே இல்லை.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போங்கள். வேலிக்கு முப்பது அடி தள்ளி, சூரியனை முதுகுக்கு வைத்து, பைனாகுலரோடு உட்கார்ந்துவிடுங்கள். பறந்து போனாலும் எழுந்து துரத்த வேண்டாம், பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். போனில் குயில் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம், வீணாகப் பறவையை அலைக்கழிக்கும். முதல் முறை முகத்தையும் வாலையும் மட்டும் பாருங்கள். படம் எடுக்க முடிந்தால் பக்கவாட்டில் ஒன்று, பறக்கும்போது ஒன்று எடுத்து அனுப்புங்கள். வேலியை இந்தப் பங்குனி வரை வெட்டாமல் விட்டுவையுங்கள்.