கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ் தன் கல் வீட்டைத் தானே கட்டினாரா?

பாதி உண்மை. கலிபோர்னியாவின் கார்மெல் கடற்கரையில் 1919-இல் எழுந்த அவருடைய வீடான டோர் ஹவுஸ், ஒப்பந்தக்காரர் கட்டியது. ஜெஃபர்ஸ் அங்கே கொத்தனாரிடம் சித்தாளாக நின்று கல் வேலை பழகினார். பக்கத்தில் நிற்கும் சுமார் 40 அடி உயர ஹாக் டவர் என்ற கல் கோபுரம்தான் அவர் ஏறக்குறைய தனி ஆளாக எழுப்பியது. சில வருட உழைப்பு அது.

கரையில் கிடந்த கிரானைட் கற்களை உருட்டி வந்து, சாய்வுப் பலகையும் கப்பியும் கயிறும் வைத்து மேலே ஏற்றினார். உருண்டைக் கல்லில் சுவர் வைப்பது செங்கல்லைவிடக் கடினம். படுகை, அதாவது கீழே படியும் முகம், சரியில்லாத கல், கலவை ஈரமாக இருக்கும்போதே நழுவும். ஆகவே அகன்ற முகம் கீழே வர வேண்டும், இடுக்கில் சில்லுக்கல் அடித்து இறுக்க வேண்டும். செங்குத்து இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வரவே கூடாது. வந்தால் விரிசல் அந்தக் கோட்டிலேயே ஓடும். ஒரே நாளில் நிறைய உயர்த்தினால் கீழ்வரிசையின் கலவை பிதுங்கும்.

காலையில் கவிதை, பிற்பகலில் கல் என்பது அவர் வழக்கம். இயைபு இல்லாத, நீண்டு உருளும் அடிகள் அவருடையவை.

நாடகப் புகழ் பிறகுதான் வந்தது. நடிகை ஜூடித் ஆண்டர்சனுக்காக பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'மெடியா' நாடகத்தைப் புதிதாக எழுதித் தந்தார். அது 1947-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் மேடையேறிப் பெரும் வெற்றி பெற்றது.