தவளை வாயில் தண்ணீர் வரவில்லை: நீரூற்று வெண்கலச் சிலைகள், கேள்வி பதில்

தோட்ட நீரூற்றில் வைக்கும் குழந்தை, தவளை, மீன் சிலைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: நிஜ வெண்கலமா, வெண்கலத் தூள் கலந்த பிசினா (ரெசின்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தட்டிப் பாருங்கள். வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், பிசின் 'டொக்' என்று அடங்கிவிடும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், பிசினிலும் அலுமினியத்திலும் கூடத்தான் ஒட்டாது. அப்புறம் அடிப்பக்கம் பாருங்கள். மெழுகில் உருச் செய்து வார்த்த நீரூற்று வெண்கலச் சிலை பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும், சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான்.

கேள்வி: அண்ணா, ஒரே வருடத்தில் பச்சை பிடித்துவிட்டது. தேய்த்து எடுக்கலாமா?

பதில்: எந்தப் பச்சை என்று முதலில் சொல்லுங்கள். பழுப்பும் பச்சையுமாக, தொட்டால் கையில் ஒட்டாமல் படிந்திருந்தால் அது களிம்பு, அடியில் இருக்கும் உலோகத்துக்கு அதுதான் போர்வை, விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாக உதிர்ந்து, துடைத்த இடத்திலேயே மறுபடி வந்தால் குளோரைடு (குளோரின் சேர்ந்த உப்பு) உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதை உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம்தான் காட்ட வேண்டும். பாசி போகட்டும் என்று குளோரின் கொட்டுகிறவர்கள் தாங்களே இழுத்துக்கொள்ளும் வினை இது. வெள்ளையாக உப்புப் படிந்தால் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள், புளிப்பான எதையும் தேய்க்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை நன்றாகக் காயவைத்து மெழுகு பூசினால் போதும்.

கேள்வி: தவளை வாயில் தண்ணீர் சொட்டுகிறது, பீச்சவில்லை. பம்பு புதுசு.

பதில்: பம்பைத் திட்டாதீர்கள், உள்ளே போகும் குழாயைப் பாருங்கள். என் தவளைக்கு யாரோ இரும்புக் குழாய் மாட்டியிருந்தார்கள். இரும்பும் வெண்கலமும் தண்ணீரில் தொட்டுக்கொண்டு கிடந்தால் முதலில் அரிப்பது இரும்புதான்; கழற்றியபோது குழாய்க்குள் துரு அடைத்து ஈர்க்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. செம்புக் குழாய் போடுங்கள். இன்னொன்று, தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அதைப் போல் இரண்டு மடங்காவது தொட்டி அகலம் வேண்டும், இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது பாதி வெளியே போய்விடும்.

கேள்வி: தொட்டியில் மீன் விடலாமா?

பதில்: சின்னத் தொட்டி என்றால் வேண்டாம். கரையும் செம்பு மீனுக்கு ஆகாது, நத்தைக்கு அதைவிட மோசம்.

கேள்வி: ஏன் எப்போதும் குழந்தையும் மீனுமாகவே செய்கிறார்கள்?

பதில்: ரோமானியர் காலத்திலேயே டால்பினோடு விளையாடும் குழந்தைச் சிலைகள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சிற்பி வெரோக்கியோ வார்த்த பையனைப் பாருங்கள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறான்: ஒற்றைக் காலில் நின்று டால்பினை இறுக்கிப் பிடித்திருக்கிறான், தண்ணீர் வருவது அதன் வாயிலிருந்து. நீரூற்றைச் சுற்றிச் சுற்றித்தானே வருவோம், அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் அழகாக இருக்கும்படி செய்திருக்கிறார். சரி, உங்கள் சிலையை வாங்கும் முன் முதுகுப் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.