சிறுநீரகத்தை வலுப்படுத்தவும் பயத்தைக் குறைக்கவும், மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சியான சீகோங்கில் எந்த அசைவைச் செய்வது?

பாதுவான்ஜின் எனும் எட்டு அசைவுத் தொகுப்பில் ஆறாவது சிறுநீரகத்துக்கென்றே உள்ளது. சீன மரபு மருத்துவத்தில் சிறுநீரகம் ஐந்து மூலகங்களில் நீருக்கு உரியது. அதன் உணர்ச்சி பயம். அந்த மருத்துவம் சொல்லும் ‘சிறுநீரகம்’ இடுப்பு, எலும்பு, உயிர்ச்சக்தி எல்லாம் சேர்ந்த ஒரு கருத்து. ஆகவே இது ரத்தத்தில் கிரியேட்டினினை (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இறக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து நில்லுங்கள். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, மார்புவரை இறக்கி, அக்குள் வழியே முதுகுக்குக் கொண்டுபோங்கள். உள்ளங்கைகளால் முதுகெலும்பின் இருபுறமும் தேய்த்தபடி, மூச்சை விட்டுக்கொண்டே குனியுங்கள். பிட்டம், தொடையின் பின்புறம், கணுக்கால் என்று இறங்கி, பாதத்தின் மேல்பகுதியைத் தொடுங்கள். எழும்போது கைகள் முதலில் முன்னே நீள வேண்டும். உடல் அவற்றைத் தொடர வேண்டும். ஆறு முறை போதும்.

பலரும் பிசகுவது இங்கேதான்: கால்விரலைத் தொட்டே தீருவது என்று கீழ்முதுகை வளைத்து இழுப்பார்கள். முதுகெலும்புத் தட்டு விலகியவர்களுக்கு அது ஆபத்து. முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள். கை முழங்கால்வரை போனாலே சரி. சட்டென நிமிர்ந்தால் தலை சுற்றும். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் குனியவே வேண்டாம். நின்றபடியே இடுப்பின் பின்புறத்தை 36 முறை சூடேறத் தேயுங்கள்.

பயத்துக்கு உதவுவது முக்கியமாக மூச்சுதான். நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை உதட்டைக் குவித்து ஊதுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். இடையில் மூச்சை அடக்கினால் சிலருக்குப் படபடப்பு கூடலாம்.